மெல்லிய கேமிங் மடிக்கணினியின் சூட்டைத் தணித்தது: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு செய்முறைப் பதிவு

இன்டெல் ஐ7-12700எச் புராசசரும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் சில்லும் இருபது மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுக்குள் அடங்கிய ஒரு கேமிங் மடிக்கணினியைத் திறந்து, தூசி நீக்கி, வெப்பம் கடத்தும் பொருளை மாற்றிப் பூட்டிய வேலையின் பதிவு இது. கணினி என் அக்காள் மகனுடையது. அவன் கோலாலம்பூரில் அனிமேஷன் படிக்கிறான். பகலெல்லாம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பாடவேலை, இரவானால் விளையாட்டு என்று அந்தக் கணினிக்கு ஓய்வே கிடையாது. விடுமுறைக்குப் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்துக்கு வந்தவன் அதை என்னிடம் நீட்டி, "மாமா, வாங்குனப்போ இருந்த வேகத்துல இப்ப பாதிகூட இல்ல. கடையில காட்டுனா, இந்த மாடலே இப்படித்தான், வேற வாங்கிக்குங்கன்னு சொல்றாங்க" என்றான்.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. சில்லுகள் தேய்வதில்லை, மூன்று ஆண்டுகளில் அவற்றின் கணக்குப் போடும் திறன் பாதியாகிவிடுவதும் இல்லை. குறைந்திருப்பது அவை உண்டாக்கும் சூட்டை வெளியே தள்ளும் திறன்தான் என்பது என் ஊகம். மெல்லிய கேமிங் கணினிகளின் வரலாறே இந்த ஊகத்துக்கு இடம் கொடுக்கிறது. 2017ஆம் ஆண்டு தைப்பேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் என்விடியா மேக்ஸ்-கியூ என்ற வடிவமைப்பை அறிவித்தபோது, மேசைக் கணினியில் 180 வாட் எடுத்துக்கொள்ளும் ஜிடிஎக்ஸ் 1080 சில்லை 90 முதல் 110 வாட்டுக்குள் அடக்கித்தான் மெல்லிய உடலுக்குள் பொருத்தினார்கள். அதாவது, மெல்லிய கணினி என்பது தொடக்கத்திலிருந்தே வாட் கணக்கில் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். ஆர்டிஎக்ஸ் 3060 மடிக்கணினிச் சில்லுக்கும் 60 முதல் 115 வாட் வரை எந்த அளவை வேண்டுமானாலும் தயாரிப்பாளர் வைத்துக்கொள்ளலாம். ஒட்டுவில்லையில் உள்ள பெயர் ஒன்றே, உள்ளே கிடைக்கும் வேகம் வேறு. ஆகவே இத்தகைய கணினியின் நலத்தை அறிய வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது; தொடர்ந்து எத்தனை வாட்டை அதனால் தாங்க முடிகிறது என்பதையே பார்க்க வேண்டும். சூடு எல்லையைத் தொட்டதும் சில்லு தானாகவே வாட்டைக் குறைத்துக்கொள்வதால், பழுதான கணினியும் நல்ல கணினியும் ஒரே 100 டிகிரியைக் காட்டி நிற்கக்கூடும்.

திறப்பதற்கு முன் அளந்து வைத்தேன். பிற்பகல் நேரம், குளிர்சாதனம் ஓடாத கூடம், சுவரில் மாட்டிய வெப்பமானி 31 டிகிரி செல்சியஸைக் காட்டியது. வெப்பநிலையையும் வாட்டையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பின்னணியில் ஓடவிட்டு, புராசசரின் வேகத்தைப் புள்ளிகளில் அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23இன் பத்து நிமிடச் சோதனையை நடத்தினேன். தொடங்கிய சில நொடிகளில் புராசசர் தன் உச்ச எல்லையான 100 டிகிரியைத் தொட்டது. அதன் பிறகு மின்திறன் படிப்படியாக இறங்கி 38 வாட்டில் நின்றது. புள்ளி 10,300 அளவில் முடிந்தது. 45 வாட்டை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்ட ஒரு புராசசர் அந்த அடிப்படையையே எட்டவில்லை என்பது தெளிவான நோய்க்குறி. அடுத்து, அவனுடைய பாடவேலைக் காட்சி ஒன்றைப் பிளெண்டரில் கிராபிக்ஸ் சில்லைக் கொண்டு ரெண்டர் செய்தபோது (இறுதிப் படமாக உருவாக்கியபோது), அந்தச் சில்லு 87 டிகிரியில் முட்டிக்கொண்டு, இந்த மாடலுக்கு வகுத்த 95 வாட்டுக்குப் பதிலாக 66 வாட்டில் ஓடியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் 22, 23 டிகிரி அறையில் அளக்கிறார்கள். சில்லின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்கு மேல்தான் கட்டப்படுகிறது. அறை எட்டு டிகிரி கூடினால், அதே வாட்டில் சில்லும் ஏறக்குறைய எட்டு டிகிரி கூடும். அங்கே 85 டிகிரியில் அமைதியாக ஓடிய கணினி பினாங்கின் பிற்பகலில் 93ஐத் தொடும், அதுவும் புத்தம் புதிதாக இருக்கும்போதே. தடித்த கணினியில் இந்த எட்டு டிகிரி ஒரு பொருட்டல்ல. மெல்லிய கணினியிலோ தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளியே அவ்வளவுதான். அதை நம் வானிலை முதல் நாளே எடுத்துக்கொண்டுவிடுகிறது. பிறகு சேரும் ஒவ்வொரு இழைத் தூசியும் நேராக வேகத்தில் கை வைக்கிறது.

உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் நானே திறந்தேன். உத்தரவாதம் இன்னும் முடியாதவர்கள் முதலில் சேவை மையத்தையே நாட வேண்டும். பேட்டரியைக் கால்வாசிக்கும் கீழே இறங்கவிட்டு, கணினியை முழுமையாக அணைத்து, மின்வடத்தைப் பிரித்தேன். கீழ்மூடியின் திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. முன்பக்கம் குட்டையானவை, கீலுக்கு அருகே நீளமானவை. நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் அது கைவைக்கும் பகுதியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஆகவே ஓர் அட்டையில் கணினியின் உருவத்தை வரைந்து, எடுத்த திருகாணியை அதனதன் இடத்திலேயே குத்தி வைத்தேன். கொக்கிகளை விடுவிக்கக் காலாவதியான டச் அன் கோ பயணக் கட்டண அட்டை ஒன்று போதுமானதாக இருந்தது. உலோகக் கருவியால் நெம்பினால் ஓரம் நசுங்கும்; பிளாஸ்டிக் அட்டை வளைந்து கொடுக்கும். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அதன் பின் மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்னூட்டத்தை வடியவிட்டேன். பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு மணிக்கட்டில் நிலைமின் பட்டை கட்டாமல் மதர்போர்டைத் தொட மனம் வராது. இன்டெல் 1972இல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில்தான் திறந்தது. எங்கள் வட்டாரத்தில் அந்த ஆலைகளின் சோதனை வரிசைகளில் நின்ற ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். என் கைப்பழக்கமும் அங்கே படிந்ததுதான்.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்தேன், சமமாகவே இருந்தது.

விசிறிகளைப் பார்த்தால் பெரிய குறை தெரியவில்லை. இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம், அவ்வளவுதான். ஆனால் விசிறியின் மேல் தகட்டைக் கழற்றியதும் உண்மை வெளிப்பட்டது. விசிறி காற்றைத் தள்ளும் வாய்க்கும் செம்புத் தகடுகளின் அடுக்குக்கும் நடுவே, தலையணைப் பஞ்சைத் தட்டி விரித்தது போல் ஒரு தூசிப் பாய் முழு அகலத்துக்கும் படிந்து கிடந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபோது கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: போர்வை நூலிழைகள், தலைமுடி, அவற்றின் மேல் பிசுபிசுப்பான பழுப்புப் படலம். வெறும் தூசி பிசுபிசுக்காது. மாணவர்கள் தங்கும் அடுக்குமாடி வீட்டில் அடுப்பிலிருந்து எழும் எண்ணெய்ப் புகையும், சாமி படத்துக்கு முன் காட்டும் சாம்பிராணியும் ஊதுபத்தியும் காற்றில் விட்டுச்செல்லும் நுண்துகள்களே அந்த இழைகளை ஒட்டவைத்திருக்க வேண்டும். இதனால்தான் அவன் வெளியிலிருந்து அடித்துப் பார்த்த காற்றுக் குப்பியால் பலன் கிடைக்கவில்லை. பின்புறத் துளைகள் வழியாக ஊதினால் பாய் சற்றே உள்ளே விலகும். விசிறி சுழன்றதும் மறுபடியும் தகடுகளின் மேலேயே போய் அமரும்.

மெல்லிய கணினிகளில் இந்த இடம் அடைபடுவதற்குக் காரணம் இருக்கிறது. விசிறியின் உயரம் குறைவதால் அது தள்ளும் காற்றின் அளவு குறைகிறது. அதை ஈடுகட்டச் செம்புத் தகடுகளை மெல்லியதாக்கி நெருக்கமாக அடுக்குகிறார்கள். தகடுகளுக்கு இடையிலான சந்து நூலிழையைத் தடுக்கும் வலையாகிவிடுகிறது. மென்மையான தூரிகையால் பாயின் மிச்சங்களை வழித்தெடுத்து, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்தேன். பிடிக்காமல் அடித்தால் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுழன்று, அதன் தாங்கி (பேரிங்) கெட்டுப்போகும். பிசுபிசுப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். கீழ்மூடியின் கண்ணி வலையும் பாதி அடைபட்டிருந்தது. அதைத் தனியே எடுத்துத் தூரிகையால் சுத்தம் செய்தேன்.

இந்தக் கட்டத்தில், சில்லுக்கும் செம்புக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசியிருக்கும் பேஸ்ட்டைத் தொடாமலேயே கணினியைப் பூட்டி மறுபடி அளந்தேன். இரண்டு வேலைகளையும் ஒருசேரச் செய்துவிட்டால், எதனால் எவ்வளவு பலன் என்று பிறகு பிரித்தறிய வழியில்லை. கிடைத்த விடை எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. கிராபிக்ஸ் சில்லு 66 வாட்டிலிருந்து 84 வாட்டுக்கு ஏறியது. புராசசரோ 38இலிருந்து 47க்கு மட்டுமே வந்தது, அதுவும் அதே 100 டிகிரியில். ஆர்டிஎக்ஸ் 3060இன் சில்லு 276 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ளது. அதன் சூடு பரந்து எழுவதால் காற்றோட்டம் சரியானாலே பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. புராசசரில் சூடு சில கருக்களின் (கோர்) மேல் சிறு புள்ளிகளாகக் குவிகிறது. அந்தப் புள்ளிகளிலிருந்து செம்புக்குத் தாவும் இடத்தில் தொடர்பு கெட்டிருந்தால், எவ்வளவு காற்று வந்தாலும் பயனில்லை. கிராபிக்ஸ் சில்லின் நோய் பெரும்பாலும் அடைப்பு, புராசசரின் நோய் பெரும்பாலும் பேஸ்ட் என்பது உறுதியானது.

சில்லுகளின் மேல் அமர்ந்து சூட்டை எடுத்துச்செல்லும் செம்பு அமைப்பான ஹீட் சிங்கைக் கழற்றுவதற்கு முன், கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கி, பிறகு அணைத்து, முன்போலவே பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். காய்ந்த பேஸ்ட் இளகினால் எளிதாக விடும். திருகாணிகளுக்கு அருகில் எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றின் தலைகீழ் வரிசையில், ஒவ்வொன்றையும் அரைச் சுற்று வீதம் மாற்றி மாற்றித் தளர்த்தினேன். மடிக்கணினிச் சில்லுகளுக்கு மேலே உலோக மூடி கிடையாது. சிலிக்கானே வெறும் உடம்போடு நிற்கிறது. ஒரு பக்கத்தை முழுவதும் தளர்த்தி மறுபக்கத்தை இறுக்கமாக விட்டால், செம்புத் தகடு சாய்ந்து சில்லின் முனையை உடைத்துவிடும். தகட்டை நெம்பாமல், இடமும் வலமுமாகச் சிறிது அசைத்துத்தான் தூக்க வேண்டும். தூக்கும்போது வெப்பக் குழாய்களைப் பிடிக்கக் கூடாது. அந்தத் தட்டையான செம்புக் குழாய்களுக்குள் காற்று நீக்கிச் சிறிதளவு நீர் வைத்திருக்கிறார்கள். அது சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் திரவமாகித் திரும்புகிறது. குழாய் நசுங்கினால் அந்தச் சுற்று நின்றுவிடும்.

புராசசரின் நடுப்பகுதி கண்ணாடி போல் பளபளத்தது. பேஸ்ட் முழுவதும் ஓரங்களுக்கு ஒதுங்கி வரம்பு கட்டியிருந்தது. சூடேறும்போதும் ஆறும்போதும் சில்லும் செம்பும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், நடுவில் உள்ள பேஸ்ட் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக வெளியே பிதுக்கப்படுகிறது. நாள்தோறும் 95, 100 டிகிரி வரை போய்வரும் மெல்லிய கணினிகளில் இது இன்னும் விரைவாக நடக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த பேஸ்ட் வைத்தாலும் ஓரிரு ஆண்டுகளில் இதே கதைதான் என்பதால், பேஸ்ட்டுக்குப் பதிலாக ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 என்ற நிலைமாறும் தாளைத் தேர்ந்தெடுத்தேன். அது அறை வெப்பத்தில் திடமாக இருக்கும். 45 டிகிரியளவில் இளகி, இரு பரப்புகளின் நுண்பள்ளங்களையும் நிரப்பும். இளகினாலும் பேஸ்ட் போல ஓடிவிடாது, மின்சாரத்தையும் கடத்தாது. திரவ உலோகம் இதைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் காலியம் கலந்த அந்த உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். முதுகுப்பையில் ரயிலிலும் மோட்டார் சைக்கிளிலும் அலையும் ஒரு மாணவனின் கணினியில் அதை வைக்க நான் துணிய மாட்டேன். பிடிஎம்7950 பெயரில் போலித் தாள்களும் சந்தையில் உலவுவதால், தெரிந்த விற்பனையாளரிடமே வாங்க வேண்டும்.

இந்தத் தாளை ஒட்டுவதற்கு முன் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைக்கச் சொல்லும் காணொளிகள் ஏராளம். குளிர்ந்தால் தாள் விறைத்து, அதன் இருபுறப் பிளாஸ்டிக் உறையும் சுத்தமாக உரிந்து வரும் என்பது சரியே. ஆனால் அந்த அறிவுரை வறண்ட குளிர்நாடுகளுக்கு உரியது. நம் கூடத்தில் 31 டிகிரியும் முக்கால் பங்கு ஈரப்பதமும் இருக்கும்போது, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தாளின் உறையை உரித்த மறுகணமே அதன் மேல் பனிப்படலம் பூக்கும்; அந்த ஈரத்தைச் சில்லுக்கும் செம்புக்கும் நடுவே வைத்துப் பூட்டுவது நல்லதல்ல. ஆகவே நான் ஃபிரிட்ஜை நாடவில்லை. படுக்கையறையின் குளிர்சாதனத்தை 22 டிகிரியில் ஓடவிட்டு, தாள், கணினி, கருவிகள் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் அதே அறையில் வைத்தேன். எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் ஈரம் படிய வழியே இல்லை. தாளும் உரிப்பதற்குப் போதுமான அளவு விறைத்திருந்தது.

பழைய பேஸ்ட்டை 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டில் நீர் கலந்திருப்பதால் அது காயத் தாமதமாகும். தாளைச் சில்லைவிட ஒரு மயிரிழை பெரிதாக வெட்டி, ஒருபக்க உறையை உரித்துச் சில்லின் மேல் படியவைத்து, விரலால் உறைக்கு மேலாக அழுத்தித் தடவினேன். மேல் உறையை ஒரு மூலையிலிருந்து, பரப்போடு ஒட்டினாற்போல் தாழ்வாக இழுத்து மெதுவாக உரித்தேன். செங்குத்தாக இழுத்தால் தாளும் சேர்ந்து எழும்பிவிடும். கிராபிக்ஸ் நினைவகச் சில்லுகளின் மேலிருந்த வெப்பப் பட்டைகளில் ஒன்று கிழிந்திருந்தது. அதற்கு வேறு தடிமன் உள்ள பட்டையை வைத்தால் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, முதன்மைச் சில்லின் தொடர்பே கெட்டுவிடும். தடிமனைத் துல்லியமாகக் கணிக்க முடியாத இடங்களில், அழுத்தத்துக்கு ஏற்பத் தானே படிந்துகொள்ளும் தெர்மல் புட்டியே பாதுகாப்பானது, அதையே வைத்தேன். பிறகு எண் வரிசைப்படி, அரைச் சுற்று வீதம் எல்லாத் திருகாணிகளையும் இறுக்கினேன்.

தாள் முதல் சூட்டிலேயே முழுப் பலனைத் தராது. சில முறை சூடாகி ஆறிய பிறகே மெலிந்து சீராகப் படியும். அதற்காகக் கணினியை வேலைவாங்கி, ஆறவிட்டு, மறுபடி வேலைவாங்கி, எண்கள் மாறாமல் நின்றபின் அளந்தேன். கூடம் அதே 31 டிகிரி. புராசசர் 93 டிகிரியில் 62 வாட்டைத் தொடர்ந்து தாங்கியது. சினிபெஞ்ச் புள்ளி 14,000ஐத் தாண்டியது. கிராபிக்ஸ் சில்லு 78 டிகிரியில் 95 வாட் முழுவதையும் எடுத்துக்கொண்டு, 1,600 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடியது. இரண்டும் சேர்ந்து உழைக்கும் விளையாட்டில் முன்பு சில நிமிடங்களுக்கொரு முறை வந்த திணறல் நின்றுவிட்டது. இதைப் பார்த்த மருமகனின் முகத்தில் வந்த மகிழ்ச்சியைவிட, புதிய கணினிக்காக அவன் பெற்றோர் எடுத்து வைக்க இருந்த சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) மிச்சமானதே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

மென்பொருள் அமைப்புகளில் அதிகம் செய்வதற்கில்லை. புராசசரின் மின்னழுத்தத்தைக் குறைப்பதே முன்பெல்லாம் முதல் மருந்தாக இருந்தது. 2019 டிசம்பரில், அந்த வசதியையே தாக்குதலுக்குப் பயன்படுத்த இடம் தரும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானதற்குப் பிறகு, பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். இந்தக் கணினியிலும் அது பூட்டியே இருக்கிறது. எனவே விளையாட்டுக்கென ஒரு தனி அமைப்பு உருவாக்கி, அதில் புராசசரின் தொடர் எல்லையை 45 வாட்டாக வைத்தேன். இரு சில்லுகளும் ஒரே வெப்பக் குழாய்களைப் பங்கிட்டுக்கொள்வதால், புராசசர் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கிராபிக்ஸ் சில்லுக்குக் குளிர்ச்சியாகப் போய்ச் சேர்கிறது. விளையாட்டில் அந்த 45 வாட்டே தாராளம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் சில்லின் மின்னழுத்த வளைவைச் சற்றுத் தாழ்த்தியதில், அதே வேகத்துக்கு மேலும் சில வாட் குறைந்தது. எப்போதும் மின்வடத்தில் செருகியே வைத்திருப்பவன் என்பதால், பேட்டரி 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி வரம்பு வைத்தேன். நிறைந்த பேட்டரியும் தொடர்ந்த சூடும் சேர்ந்தால் அது உப்பும் வாய்ப்பு கூடுகிறது.

மெத்தையின் மேல் வைத்து வேலை செய்வதை அவன் விட்டாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கணினியின் ரப்பர்க் கால்கள் மேசையிலிருந்து எழுப்பித் தருவது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான். மெத்தை அதை முழுவதுமாக மூடிவிடுவதோடு, தன் இழைகளையும் உள்ளே அனுப்புகிறது. பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கும் சாதாரண ஸ்டாண்டில் வைத்தபோது, வேறெதுவும் செய்யாமலேயே கிராபிக்ஸ் சில்லு மூன்று டிகிரி இறங்கியது. விசிறிகள் பொருத்திய விலையுயர்ந்த குளிர்த்தட்டு எதுவும் அவனுக்குத் தேவையில்லை.

இனிக் கவனிக்க வேண்டியது இடப்பக்க விசிறி. முழு வேகத்திலிருந்து அது இறங்கும்போது உரசுவது போல் மெல்லிய ஓசை கேட்கிறது. தாங்கி தேயத் தொடங்கியிருக்கிறது. இந்த மாடலில் இடம், வலம் இரண்டும் வெவ்வேறு வளைவு கொண்டவை, ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. அதனால் விசிறியின் முதுகில் அச்சிட்டிருந்த பாக எண்ணைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். கோலாலம்பூர் திரும்பியதும் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோயாட் பிளாசாவில் அதே எண்ணைக் காட்டி விசாரித்து வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த விடுமுறையில் அதை மாற்றும்போது, தகடுகளின் வாயில் இந்தக் காலத்துக்குள் எவ்வளவு தூசி சேர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்து, எத்தனை மாதத்துக்கொரு முறை திறந்து துடைக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம்.